மேட்னி ஷோவில் மாட்டிய அப்பா

எண்பதுகளின் தொடக்கம். மதுரை. மேட்னி ஷோ. அப்பாவை நான் கையும் களவுமாகப் பிடித்த நாள்!

(அவரும் என்னைப் பிடித்தார் என்பது வேறு விஷயம்.)

அப்பாவுக்குச் செல்லூரில் நாலு தறி. காதல் படம் என்றாலே முகத்தைச் சுளிப்பார். "குடும்பத்துப் பொம்பளைக பாக்குற படமா அது?"

நான் டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மெஷினில் முருகேசன். இரண்டு வருடக் காதல். வேறு சாதி. அதனால் வீட்டில் சொல்லவில்லை. விரல்கூடத் தொட்டுக்கொண்டதில்லை.

அந்த வாரம் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் மறுபடி வந்திருந்தது. கணவனை இழந்த ஒரு டீச்சர், அவள் வீட்டு மாடியில் குடியிருக்கும் ஒருவன். இருவருக்கும் ஆசை. ஊருக்குப் பயந்து கடைசிவரை வாயே திறக்க மாட்டார்கள்!

முருகேசன் கூப்பிட்டார். "வாரேன். ஆனா நமக்கு நடுவுல ஒரு சீட்டு காலியா இருக்கணும்" என்றேன்.

முருகேசன் அந்தச் சீட்டுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தார்! (உலகத்திலேயே இவர் ஒருவர்தான்.)

கடைசிக் காட்சி. அவன் பெட்டியோடு ரயில் ஏறுகிறான். டீச்சர் பிளாட்பாரத்தில் நிற்கிறாள். ஒரு வார்த்தை இல்லை.

எங்களுக்கு முன் வரிசையில் ஒருவர் விசும்பி விசும்பி அழுதார்.

"யோவ், படத்தப் பாக்க விடுய்யா!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

முருகேசனுக்கு இளகின மனசு. கைக்குட்டையை நீட்டினார். "அண்ணே, இந்தாங்க, தொடச்சுக்கங்க."

அவர் திரும்பி வாங்கவும் விளக்கு எரியவும் சரியாக இருந்தது.

அப்பா!!!

பக்கத்தில் அம்மா! திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாணம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவர்கள்!

"ஏத்தா, நீ டைப்பு கிளாசுக்குப் போகலையா?"

"நீங்க கல்யாணத்துக்குப் போகலையாப்பா?"

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பிறகுதான் முருகேசனைக் கவனித்தாள். "தம்பி யாரு?"

முருகேசன் எழுந்து கும்பிட்டார். "சத்தியமா இவுக யாருன்னே எனக்குத் தெரியாது மாமா!"

(மாமாவாம்! அண்ணன் ஒரே நிமிடத்தில் மாமா ஆகிவிட்டார்!)

அத்தோடு சிரிப்பு முடிந்தது. வீட்டில் உண்மையைச் சொன்னேன்; அப்பா என் கிளாசை நிறுத்தினார்.

"வேற ஆளுக. சொந்தக்காரன் மூஞ்சில எப்படி முழிக்கிறது?" என்றதோடு சரி, மூன்று நாள் பேச்சே இல்லை. நான் சாப்பிடவில்லை. எல்லாம் போயிற்று என்றே நினைத்தேன்.

நாலாம் நாள் மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே அம்மா கேட்டாள். "ஏங்க, யாரோ ஒரு டீச்சருக்கு அம்புட்டு அழுதீகளே. நம்ம புள்ள அழுகுறது மட்டும் காதுல விழலையாக்கும்?"

அப்பா பாதியில் கை கழுவினார். "கெளம்புத்தா" என்றார்.

நேராக இன்ஸ்டிட்யூட். முருகேசன் எழுந்து நின்றார்.

"அந்தப் படத்து முடிவு ஒனக்குப் பிடிச்சுச்சா?"

"பிடிக்கலைங்க. அவன் பெட்டியத் தூக்கியிருக்கக் கூடாது. வாய விட்டுக் கேட்டிருக்கணும்."

"அப்ப நீ ஏன்யா வாயப் பொத்திக்கிட்டு நிக்கிற? கேளு!"

கேட்டார்! அத்தனை மெஷினும் நின்றுபோன அமைதியில், நாக்குக் குழறிக் கேட்டார்.

"மாமா, உங்கள எனக்குக் கட்டிக் குடுப்பீகளா?"

முதலில் சிரித்தது அப்பாதான்.