கண்ணைத் திறக்காத நிரூபணம்

மலாயாவின் ஆயர் ஈத்தாமில் நான் வந்த பஸ் நின்றபோது, ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய எங்கள் பள்ளி எழுத்தர் என்னைக் கண்டு ஓடிவந்தார். "சார், நம்ம கனகசபை மாஸ்டர் காலையில தவறிட்டாருங்க" என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி, தாம் எழுதிவந்த கணிதப் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தை முடிப்பார் என்றே நம்பியிருந்தேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்கள் பள்ளியில் கணிதம் கற்பித்த மாஸ்டர் அவர்கள், உயர்கணிதத்தைத் தமிழில் எழுதத் துணிந்தார்கள். அச்சுக்குப் படியெடுப்பது சக ஆசிரியனான என் வேலை. எழுதிய நிரூபணத்தைச் சில வாரம் ஆறப்போடுவார்கள். பிறகு பழைய காலண்டர் அட்டையால் பக்கத்தை மூடி, முதல் வரியை மட்டும் காட்டி, "அடுத்த வரி என்னெண்டு சொல்லுங்கோ" என்பார்கள். எனக்குத் தானாக வராவிட்டால் தாள் கிழிந்துவிடும்.

"மாஸ்டர், நீங்க எழுதுறதைவிடக் கிழிக்கிறதுதான் அதிகம்" என்று கேலி செய்வேன்.

சில முடிவிலாத் தொடர்களில் எண்களை இடம் மாற்றினால் கூட்டுத்தொகையும் மாறும் என்பதை நான் நம்ப மறுத்தேன். சிரித்தார்கள். "கூட்டுற எண் ஏறுற படி, கழிக்கிற எண் இறங்குற படி. ஏறுற படியும் முடியாது, இறங்குற படியும் முடியாது. படியோ வரவரச் சின்னனாகுது. பிறகென்ன, விரும்பின இடத்திலை போய் நிக்கலாம்!" அன்று அடுத்த வரியை நானே சொன்னேன்.

எந்தப் பல்லுறுப்புச் சமன்பாட்டுக்கும் சிக்கலெண்களில், அதாவது கலப்பெண்களில், ஒரு தீர்வேனும் உண்டு என்பது கடைசித் தேற்றம். புத்தகமே அதை நோக்கித்தான் நடந்தது. அதற்கு எழுதிய நிரூபணத்தில் பிழையே இல்லை. ஆனால் அட்டைச் சோதனையில் நான் ஊமையானேன். "பிழையில்லை எண்டது போதாது. இது வாயை அடைக்குது, கண்ணைத் திறக்கேல்லை" என்று கிழித்தார்கள். அடுத்த வாரமே நெஞ்சுவலி.

கிழிப்பதற்கு முன்பே அச்சுக்காக நான் எடுத்துவைத்த நகல் மட்டும் என்னிடம் இருக்கிறது. அதைச் சேர்த்தால் அவர்கள் வெறுத்ததை அவர்கள் பெயரிலேயே அச்சிடுவேன். விட்டால் புத்தகம் முடமாகும். இப்படி விட்டுப்போனாரே என்று கோபமும் வருகிறது.

என்ன செய்யலாம் என்று அவர் மனைவி செல்லம்மா அவர்களிடம் கேட்டேன். "புத்தகம் முடியாமல் வந்தால், மாஸ்டருக்கு நிரூபணம் வரேல்லை எண்டு சனம் சொல்லும்" என்று அழுதார்கள். பிறகு, "சொல்லட்டும். அவர் கிழிச்சதை நீங்கள் ஒட்டவேண்டாம்" என்றார்கள்.

தேற்றத்தை மட்டும் அச்சிட்டு, கீழே பக்கத்தை வெறுமையாக விடச் சொல்லியிருக்கிறேன். சரிதானா என்று தெரியவில்லை. அச்சுப்படி மேசையில் இருக்கிறது. அட்டையால் மூடிப் பார்க்கிறேன், மாஸ்டர். அடுத்த வரி இன்னும் வரவில்லை. நீங்கள் போய் வாருங்கள்; நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.