பொழுது சாயுமுன் அணைந்த அடுப்பு

செஞ்சி பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் பஜ்ஜிக் கடை வைத்திருக்கிறவன், பொழுது சாயுமுன் அடுப்பை அணைத்தால் அவனை என்னவென்று சொல்வது? தேவேந்திரன் அதைத்தான் செய்தான். கிறுக்குப் பிடித்து அல்ல, நன்றாக யோசித்து!

எதிரே பத்மகுமாரின் மளிகைக் கடை. சமணர், ஊரில் எல்லாரும் நயினார் என்றுதான் கூப்பிடுவார்கள். இருட்டுவதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவது அவர்கள் வீட்டு வழக்கம். அதனால் கடைத்தெரு களைகட்டுகிற நேரத்தில் மனுஷன் ஷட்டரை இழுத்துவிட்டுப் போய்விடுவார். அப்படியும் ஒரு கடை இரண்டாகி, மேலே மாடியும் எழும்பிவிட்டது. தேவேந்திரனோ ராத்திரிவரை எண்ணெய்ப் புகையில் வெந்தும் அதே தகரக் கூரைதான்.

அவன் அப்பா கடைசிவரை அடுத்தவர் நிலத்தில் கூலிக்குக் கதிர் அறுத்தவர். இவன் ஐ.டி.ஐ.யில் பிட்டர் வேலைக்குப் படித்துவிட்டு, வேலை கிடைக்காமல் கரண்டி பிடித்தவன். அந்தக் குடும்பத்துக்கே இதுதான் முதல் கடை. எப்படியாவது இதை நிமிர்த்திவிட வேண்டும் என்று வெறி. நயினார் வீட்டு வழக்கத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது என்று முடிவுகட்டினான். மண்ணுக்கடியில் விளைவதை அவர்கள் தொடுவதில்லை என்று வெங்காயத்தை விட்டான், உருளைக்கிழங்கை விட்டான். அவர்கள் வீட்டில் இல்லாத வழக்கம் என்று, ஆடியில் கடைவாசலில் அம்மனுக்கு ஊற்றும் கூழையும் நிறுத்தினான்.

"வெங்காயம் இல்லாம இன்னா பஜ்ஜி? சாய்ங்காலம் வர்ற சனத்துக்கு மூடுன கடையவா காட்டுவ?" என்று மனைவி மங்கை கத்தினாள்.

"நீ சும்மா இரு. பொறுத்துப் பாரு."

பொறுத்தார்கள். தொண்டூர் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம் பக்கத்தில் பஜ்ஜி போடும் எழிலரசனின் தள்ளுவண்டிக்குப் போய்விட்டது. கடை இடத்துக்குச் சொந்தக்காரர் வந்து, "முடியலன்னா சொல்லிடுப்பா, எழிலரசன் இந்த எடத்தக் கேக்கறான்" என்றார். தேவேந்திரன் நேரே எதிர்க்கடைக்கு ஓடினான்.

"நயினாரே, எல்லாம் உங்கள மாதிரியேதான் செஞ்சேன். எங்க தப்பு?"

விஷயத்தைக் கேட்டு பத்மகுமார் திருதிருவென்று விழித்தார். "அடப்பாவி! எங்க அண்ணன் ஜினேந்திரன் என்னவிட சுத்தபத்தம். இருட்டிட்டா தண்ணிகூட தொடமாட்டாரு. அனந்தபுரத்துல வெச்ச கடைய மூடிட்டு, இப்ப இன்னொருத்தர்கிட்ட பொட்டலம் கட்டறாரு. அதே சாமி, அதே சாப்பாடு. இதுக்கு இன்னா சொல்ற?"

"அப்ப உங்களுக்கு மட்டும் எப்படி?"

"யாருக்குத் தெரியும்? உன் கடையில கூட்டம் நின்னப்ப நானும்தான் மண்டைய ஒடச்சிக்கினேன். ஊருக்கே கூழ் ஊத்தறான், அந்தப் புண்ணியம்னு நெனச்சேன். அடுத்த ஆடிக்கு நாமளும் ஊத்தலாம்னு வீட்ல சொல்லிவெச்சிருக்கேன். நீ இன்னாடான்னா நிறுத்திட்டேங்கிற!"

தேவேந்திரனுக்குச் சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை. எதைப் பிடித்துக்கொண்டு மேலே வரலாம் என்று நினைத்தானோ, அதுவும் கைநழுவிப் போயிற்று. நயினார் வானத்தைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார்.

திரும்பி வந்தால், மங்கை அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இனிமே எதத்தான் நம்பறது மங்க?" என்று கேட்டான்.

"மொதல்ல மாவக் கரை."

கரைத்தான். எண்ணெய் காய்ந்து புகைய ஆரம்பித்தும், எழிலரசன் வண்டியைச் சுற்றி நின்ற கூட்டத்தில் ஒருத்தரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.