அலுவலர் வாசித்த பாட்டு

எங்கள் பேண்டில் பாடுகிற அக்காவைப் பற்றி எழுதச் சொன்னால் நான் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்வேன். பிடிக்காதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். அவள் பகலெல்லாம் மருந்துக்கடைக் கவுண்டரில் நிற்பாள். சாயங்காலம் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, கிடாரைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிடுவாள். நான் டிரம்ஸ். வயிற்றுப்பாட்டுக்கு ஃபிரிட்ஜ் ரிப்பேர்.

அக்காவுக்கு ஒரே தம்பி. சட்டைப்பையில் ஒரு சின்னப் போதைப் பொட்டலத்தோடு பிடிபட்டான். விற்கவில்லை, திருடவில்லை. அந்தச் சனியனை விட முடியாமல் தவித்தவன், அவ்வளவுதான். ஐந்து வருஷம் உள்ளே தள்ளிவிட்டார்கள். ஊருக்கெல்லாம் மருந்து எடுத்துக் கொடுக்கிறவள், சொந்தத் தம்பிக்கு ஒரு மாத்திரை கொடுக்க வழியில்லாமல் நின்றாள். மாதம் ஒருமுறை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவனைப் பார்த்துவிட்டு வருவாள். ஒவ்வொரு தடவையும் அவன் இன்னும் இளைத்திருப்பான்.

மூன்றாவது வருஷம் தேர்தல் வந்தது. ஓட்டுச்சீட்டில் வேட்பாளர்களோடு ஒரு கேள்வியும் இருந்தது. போதைப் பழக்கத்தில் சிக்கிப் பிடிபடுகிறவர்களைச் சிறைக்கு அனுப்புவதா, சிகிச்சைக்கு அனுப்புவதா? முடிவு ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கும் பொருந்தும். “எல்லாரையும் பிடிச்சு உள்ள போடுவேன்” என்று ஒரு வேட்பாளர் மேடைக்கு மேடை தொண்டை கிழியக் கத்தினார். அக்கா ஒரு பாட்டு எழுதினாள். அது போன் போனாகப் பரவியதும் அவர் பொறுக்க முடியாமல் புகார் கொடுத்தார்.

எங்கள் கச்சேரியன்று மத்தியானம், தேர்தல் அலுவலர் மருந்துக்கடைக்கே வந்து தடை உத்தரவை நீட்டினார். ஓட்டுப்பதிவு முடியும்வரை நாங்கள் அந்தப் பாட்டைப் பாடக் கூடாதாம். பக்கத்தில் நின்ற எனக்கு மூக்குக்கு மேல் கோபம். “கிழிச்சுப் போடுக்கா!” என்று குதித்தேன்.

“சும்மா இருடா” என்றாள். டாக்டர்களின் கிறுக்கலையே எழுத்து விடாமல் படித்துப் பழகியவள் உத்தரவையும் அப்படியே படித்தாள். படிக்கப் படிக்க முகம் மலர்ந்தது. எந்தப் பாட்டு என்பதில் சந்தேகமே வரக் கூடாதென்று, ஆபீசில் யாரோ ஒரு புண்ணியவான் முழுப் பாட்டையும் உத்தரவுக்குள் தட்டச்சு செய்திருந்தார். அடியில், நிகழ்ச்சி தொடங்கும் முன் இதைக் கூட்டத்தார் முன்னால் முழுமையாக வாசிக்க வேண்டும் என்றும் இருந்தது.

“சார், நாங்க பாடல. ஆனா நீங்க வந்து வாசிக்கணும்ல? ரூல் அப்படித்தான சொல்லுது?”

“கண்டிப்பா வாசிப்பேன்மா. ஒரு வரி விடமாட்டேன்” என்றார். விதி என்றால் உயிரை விடுகிற மனிதர்.

ஆறு மணிக்கு, நாங்கள் அரங்கமாக மாற்றியிருந்த பழைய கிடங்கில் நிற்க இடமில்லை. அலுவலர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மைக் முன்னால் வந்தார்.

“என் தம்பிக்கு நோய், கம்பி எதற்கு? பூட்டைத் திற, மருந்தைக் கொடு” என்று வாசித்தார். பிறகு, அடைப்புக்குறிக்குள் இருந்த “இரண்டு முறை” என்பதையும் வாசித்தார். ஒரு கணம் யோசித்துவிட்டு, கடமை தவறாமல் அந்த வரிகளை இன்னொரு முறை வாசித்தார். கூரை அதிரச் சிரித்தார்கள். என் கால் சும்மா இருக்குமா? பெரிய டிரம்மை மெல்ல மிதித்தேன். அதற்குத் தடை இல்லையே! மனிதர் தன்னை அறியாமல் அந்தத் தாளத்தில் விழுந்தார். மூன்றாவது சரணத்தில் கூட்டமே அவரோடு சேர்ந்து சொன்னது. எங்கள் பேண்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அலுவலர் மேடையிலிருந்து இறங்கும்போது அக்காவின் பக்கம் குனிந்து, “நல்லா எழுதியிருக்கீங்கம்மா. நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க” என்றார். மன்னிக்கணும் சார், எழுதிவிட்டேன்.

மறுநாள் எல்லார் போனிலும் அலுவலரின் குரல்தான். வேட்பாளர் இப்போது யார் மேல் புகார் கொடுப்பார்? ஓட்டு எண்ணியபோது அவர் மண்ணைக் கவ்வினார். சிகிச்சை ஜெயித்தது. நான் கடைக்கு ஓடிப்போய்ச் சொன்னபோது அக்கா கவுண்டரில் தலையைக் கவிழ்த்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, அதிலென்ன வெட்கம்?

அடுத்த மாதம் தம்பியைச் சிகிச்சை வார்டுக்கு மாற்றினார்கள். நானும் கூடப் போனேன். நடுவில் கண்ணாடி இல்லை. அவன் அக்காவின் இடது கையைப் பிடித்து விரல் நுனிகளைத் தடவினான்.

“என்னக்கா இது, இப்படிக் காப்புக் காய்ச்சிப் போயிருக்கு?”

“உன்ன வெளிய கொண்டுவரணும்னு கிடார் வாசிச்சதுடா” என்றாள். பார்வை நேரம் முடியும்வரை அவன் அந்தக் கையை விடவில்லை.