நோர்பரியில் பிறந்த மலையாளப் பத்திரிகை

போன சனிக்கிழமை ஒரு பத்திரிகை பிறப்பதைக் கண்ணால் பார்த்தேன். அதுவும் மலையாளப் பத்திரிகை! எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் படபடப்பு இன்னும் அடங்கவில்லை...

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டுக்கு மூன்றாம் வீடு ஷைனியுடையது. கோட்டயத்துப் பெண், ஆஸ்பத்திரியில் நர்ஸ். இங்கே வருமுன் கோயம்புத்தூரில் வேலை பார்த்ததால் தமிழ் சரளமாக வரும். சனிக்கிழமை காலையில் வந்து கதவைத் தட்டினாள்.

"சேச்சி, பிரிண்டிங் பண்றவங்க யாராவது தெரியுமா? நாளைக்குள்ள ஒரு பேப்பர் அடிக்கணும்."

"பேப்பரா? வாட்ஸ்அப்பிலை போட்டால் போதாதே?"

"போட முடியாது சேச்சி. அந்த குரூப்ல முதலாளியோட ஆளுங்களும் இருக்காங்க."

பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். முதியோர் இல்லம் ஒன்றில் கேரளத்திலிருந்து புதிதாக வந்த பெண்கள் சிலர் வேலை செய்கிறார்கள். வந்த முதல் நாளே, 'பத்திரமாக வைத்திருக்கிறோம்' என்று பாஸ்போர்ட்டுகளை நிர்வாகம் வாங்கிப் பூட்டிவிட்டது. இன்றுவரை திருப்பித் தரவில்லை. ஒருத்தி குரூப்பில் வாய் திறந்தாள். அடுத்த வாரமே அவளுக்கு ஷிப்ட் குறைந்தது. மற்றவர்கள் கப்சிப்!

ஞாயிறு சர்ச்சில் மலையாளப் பூசைக்கு எல்லோரும் வருவார்கள். அங்கே கையில் கொடுக்க வேண்டும் என்பது ஷைனியின் திட்டம்.

"வெறும் நோட்டீஸ்னா வாங்கவே பயப்படுவாங்க. பேப்பர்னா தைரியமா வீட்டுக்குக் கொண்டு போவாங்க."

அதனால் நான்கு பக்கத்தில் முழுப் பத்திரிகையே தயாரித்திருந்தாள். ஊர்ச் செய்தி, சமையல், மலையாளப் பத்திரிகைகள் வளர்ந்த கதை... நடுவில் பாஸ்போர்ட் பற்றி ஒரு வக்கீலின் விளக்கம். கெட்டிக்காரிதான்!

நோர்பரியில் அன்ரன் அண்ணையிடம் கூட்டிப் போனேன். மன்னார்க்காரர். கல்யாண அழைப்பிதழிலிருந்து நினைவு மலர் வரை எல்லாம் அச்சடிப்பவர். காரில் போகும்போது ஷைனி அந்த வரலாற்றுக் கட்டுரையை எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். சொல்லச் சொல்ல எனக்கு ஆச்சரியம்!

முதல் மலையாளப் பத்திரிகையைத் தொடங்கியது யார் தெரியுமா? தலைச்சேரியில் இருந்த ஜெர்மன் பாதிரிமார். நூற்று எழுபது வருடத்துக்கும் முந்திய கதை. ஈய எழுத்தெல்லாம் இல்லை. கையால் எழுதி, கல்லில் பதித்து எடுத்த பிரதிகள். விலை கிடையாது, இலவசம். அதே இடத்திலிருந்து வந்த அடுத்த பத்திரிகையில் பூகோளம், வான சாஸ்திரம் எல்லாம் இருந்ததாம்.

பிறகு கோட்டயம். ஆட்கள் பங்கு போட்டுக் கம்பனி அமைத்துப் பத்திரிகை நடத்தினார்கள். திருவிதாங்கூரில் ஓர் ஆசிரியர் திவானை எதிர்த்து எழுதினார். அச்சகம் பறிமுதல், ஆசிரியர் நாடு கடத்தல்!

"அப்ப பத்திரிகை அதோடை முடிஞ்சுதே?" என்று கேட்டேன்.

"முடியுமா சேச்சி? கண்ணூர்ல பீடி சுத்துற இடத்துல ஒருத்தர் பேப்பரைச் சத்தமா வாசிப்பார். அவர் சுத்த வேண்டிய பீடியை மத்தவங்க சுத்திக் கொடுப்பாங்க. வாசிக்கத் தெரியாதவங்களும் அரசியல் பேசினது அப்படித்தான்!"

எனக்குப் புல்லரித்துவிட்டது. அதற்குள் நோர்பரி வந்துவிட்டது.

அன்ரன் அண்ணை பென்டிரைவைப் போட்டார். முகம் சுருங்கியது.

"தங்கச்சி, இங்கிலிஷ் எழுத்தும் கேள்விக்குறியுமாக் கொட்டுண்டு கிடக்கு. பழைய ஃபொன்டிலை அடிச்சிருக்கினம். என்னட்டை அது இல்லை."

தட்டச்சு செய்து கொடுத்த நண்பரோ காலையில்தான் கொச்சிக்கு விமானம் ஏறியிருந்தார். போன் அணைந்திருந்தது.

"அஞ்சு மணிக்கு ஒரு நினைவு மலர் மிஷினிலை ஏத்த வேணும். அதுக்குள்ளை தந்தால் அடிச்சுத் தாறன். பிறகு ஏலாது."

ஷைனியின் கண்கள் நிறைந்துவிட்டன. அந்தப் பெண்களுக்கு என்ன பதில் சொல்வது என்று முணுமுணுத்தாள். கைபேசியை எடுத்து, தான் எழுதிய கட்டுரைகளின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

"சேச்சி! முதல் பேப்பரே கையால எழுதினதுதானே!"

உடனே கணவர் பிஜுவுக்குப் போன் போட்டாள். பிஜு லண்டன் பஸ் டிரைவர். கண்ணூர்க்காரர். இளம் வயதில் கட்சிக்காக ஊர்ச் சுவரெல்லாம் எழுதியவர். ஷிப்ட் முடிந்து, யூனிஃபோர்மோடேயே ஓடி வந்தார். மேசையில் உட்கார்ந்தார், கறுப்புப் பேனாவை எடுத்தார்... அப்பப்பா, என்ன எழுத்து! உருட்டி உருட்டி, முத்துப் போல!

ஷைனி வாசிக்க, பிஜு எழுத, நான் பென்சிலால் கோடு போட, அன்ரன் அண்ணை பிழையை வெள்ளை மையால் அழிக்க... கடை முழுவதும் ஒரே பரபரப்பு. கார்டு வாங்க வந்த ஒரு தம்பதி வேலையை மறந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். சமையல் குறிப்பில் பாதியை வெட்டினோம். வக்கீலின் விளக்கத்தில் ஒரு வரியைக்கூட வெட்டவில்லை.

எல்லாம் முடிந்தபோது அன்ரன் அண்ணை கேட்டார். "அது சரி, பேப்பருக்குப் பேர் என்ன?"

பெயர் வைக்கவே மறந்துவிட்டோம்!

பிஜு யோசிக்கவே இல்லை. தலைப்பில் பெரிதாக எழுதினார். 'நேர்'. மலையாளத்தில் உண்மை என்று அர்த்தமாம்.

"எங்கட தமிழிலையும் நல்ல சொல்லுத்தானே!" என்றார் அன்ரன் அண்ணை. ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் மிஷின் ஓடத் தொடங்கியது. முதல் தாள் வெளியே வந்ததும் ஷைனி அதைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டாள். சூடாக இருந்ததாம்!

ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். பூசை முடிந்து தேநீர் குடிக்கும்போது கொடுத்தோம். கட்டுக்கட்டாகக் கொண்டு போனது நொடியில் காலி. மிக்ஸி போல ஓடிக்கொண்டிருந்த அரட்டை மெல்ல அடங்கியது. எல்லோரும் குனிந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் சில பெண்கள் ஒரே தாளில் தலையை விட்டிருந்தார்கள். ஒருத்தி மெதுவாக வாசித்தாள். ஜின்சி என்று பெயராம். ஷிப்ட் குறைக்கப்பட்டது அவளுக்குத்தான். பாஸ்போர்ட்டைப் பிறர் பிடித்து வைத்திருக்க உரிமை இல்லை என்ற இடம் வந்ததும் அவள் குரல் உயர்ந்தது. மற்றவர்கள், "ஒன்னுகூடி... ஒன்னுகூடி வாயிக்கு!" என்றார்கள். இன்னொரு தரம் வாசிக்கச் சொல்கிறார்களாம். மறுபடியும் வாசித்தாள்.

செவ்வாய் மாலை ஷைனி என் வாசலில் நின்று துள்ளினாள். திங்கட்கிழமை அந்தப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து, கையில் பத்திரிகையோடு மலையாளி மேனேஜரின் அறைக்குள் போயிருக்கிறார்கள். தனியாகப் போனால்தானே ஷிப்டைக் குறைக்க முடியும்? விளக்கத்தின் கீழே இருந்த வக்கீலின் தொலைபேசி எண்ணை மேனேஜர் இரண்டு தரம் பார்த்தாராம். அன்று மாலையே பாஸ்போர்ட்டுகள் கைக்கு வந்துவிட்டன!

"இதை எங்கே அச்சடித்தீர்கள்?" என்று அவர் விசாரித்தாராம்.

ஜின்சி கொஞ்சமும் அசரவில்லை. "சார், முதலில் நீங்கள் வாசித்துவிட்டீர்களா என்று சொல்லுங்கள். இல்லையென்றால் நான் சத்தமாக வாசிக்கிறேன்!"

அடுத்த இதழுக்கு நிருபர் கிடைத்துவிட்டார்.