பதினோரு ஒன்றுகளும் லலிதா மன்னியும்

அன்று காலை மாட்டுங்கா வீட்டில் இருந்தவர்கள் மூவர்: விளக்கேற்றிக்கொண்டிருந்த நான், சவரம் செய்துகொண்டிருந்த என் கணவர், பால் அளந்துகொண்டிருந்த பால்காரர். ஆஸ்பத்திரியிலிருந்து என் கணவரின் அண்ணா வந்து வாசலிலேயே நின்றார். "லலிதா போயிட்டாடா" என்றார்.

அண்ணாவின் மனைவி லலிதா மன்னி எட்டாவதோடு படிப்பை விட்டவர். எந்த எண்ணைப் பார்த்தாலும் அது எதனால் மீதியின்றி வகுபடும் என்று தேடுவார். அதை "உடைக்கிறது" என்பார். ரயில் டிக்கெட்டின் எண்கூடத் தப்பாது.

"டிக்கெட் செக்கர் கேட்டா துண்டு துண்டாக் குடுப்பேளா மன்னி?" என்று என் கணவர் சீண்டுவார்.

"உங்க மூளையில மீதி ஏதாவது நிக்கறதான்னு மொதல்ல பாக்கறேன்."

ஒன்றுகளை மட்டுமே வரிசையாக எழுதிய எண்கள் பிறகு அவரைப் பிடித்துக்கொண்டன. ஐந்து ஒன்றுகள் 41, 271 என்று உடைந்தன; ஏழு ஒன்றுகள் 239, 4649 என்று. பதினோரு ஒன்றுகள், 11111111111, அசையவில்லை. "அஞ்சு ஒண்ணை உடைச்ச எண்களைப் பத்தால வகுத்தா மீதி ஒண்ணு. ஏழு ஒண்ணை உடைச்ச எண்களைப் பதினாலால வகுத்தாலும் ஒண்ணு. அப்போ பதினோரு ஒண்ணுக்கும் அதே மாதிரி ரெட்டிப்பு, இருபத்திரண்டால மீதி ஒண்ணு வர எண்ணை மட்டும் பாத்தாப் போறும்" என்று கண்டுபிடித்தவர் அவரே. 23, 67, 89 என்று தொடங்கினோம். நான் வகுப்பேன். அவர் இலக்கங்களைக் கூட்டி, ஒன்பதுகளைத் தள்ளி, சரிபார்த்து டிக் போடுவார். என் வீட்டுக் கணக்கை நான் சரிபார்ப்பதும் அப்படித்தான்.

சிறுநீரகம் கெட்டுப் படுத்த பிறகும் தாள்கள் சயானுக்கு, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் போயின.

"சாரதா, நான் போறதுக்குள்ள அது உடையணும்டி."

"இப்படியெல்லாம் பேசாதேள் மன்னி."

"சரி, பேசலை. அடுத்த தாளைக் குடு."

கடைசியாக நான் போனபோது கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "உடைஞ்சுதா?"

"இல்லை மன்னி" என்றேன்.

காரியங்கள் முடிந்து, தாள்களைக் கட்டி வைக்க எடுத்தேன். 21649-ஆல் வகுத்த தாளில் கை நின்றுவிட்டது. வகுத்தலின் நடுவில் 19484 என்று வரவேண்டிய இடத்தில் 19448 என்று எழுதியிருக்கிறேன். இலக்கங்கள் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாது. ஒன்பது தள்ளும் முறைக்கு அந்தத் தவறு தெரியாது. மன்னி என் கையை நம்பி டிக் போட்டிருக்கிறார். திருத்தி வகுத்தேன். மீதி இல்லை. 21649-ஐ 513239-ஆல் பெருக்கினால் பதினோரு ஒன்றுகள் வருகின்றன. ஆறு முறை பெருக்கிவிட்டேன்.

அந்தத் தாளின் தேதிப்படி, அவர் கேட்ட அன்று அது உடைந்து பத்து நாட்களாகியிருந்தது. அதன் பிறகும் வீணாக எத்தனை தாள்கள், எவ்வளவு மூச்சு. பகவான் என் கையில் கொடுத்ததை நான் அவரிடம் சேர்க்கவில்லை. விளக்கேற்றிச் சொல்லும் சுலோகம் பாதியில் நின்றுவிடுகிறது. யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

தலையணையில் ஒட்டிக் கிடந்த அந்த முகமும், விரலிடுக்கில் பென்சிலும் கண்ணை விட்டுப் போகவில்லை. மன்னி, அது உடைந்துவிட்டது. நிம்மதியாகப் போய் வாருங்கள்.

இந்த இரண்டு எண்களும் மேலே உடையுமா என்றுதான் அவர் அடுத்துக் கேட்டிருப்பார். எங்கள் பழைய தாள்கள் எல்லாம் அதே ஒன்பது தள்ளிச் சரிபார்த்தவை. எதையும் என்னால் நம்ப முடியவில்லை. கணிதம் தெரிந்தவர் யாராவது முதலிலிருந்து வகுத்துப் பார்த்து, இந்த இதழின் முகவரிக்கு எனக்கு எழுதுங்கள். பதில் சீக்கிரம் வேண்டும்.