டப்பாக்காரியின் இரண்டாவது அளவு

அவளுக்குத் தெரு வைத்த பெயர் டப்பாக்காரி. வீடு, பள்ளிக்கூடம், ஆபீஸ் என்று ஏறி இறங்கி, உள்ளங்கையில் அடங்கும் கறுப்பு டப்பா ஒன்றை வைத்துவிட்டு வருவாள். சில மாதம் கழித்து எடுத்துப் போய் ஆய்வகத்தில் கொடுப்பாள். மண்ணிலிருந்து ரேடான் என்றொரு வாயு கசிந்து, தரை விரிசல் வழியாக அறைக்குள் ஏறுகிறது; வருஷக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலில் புற்றுநோய் வரலாம். அது எவ்வளவு இருக்கிறது என்று அளக்கத்தான் அந்த டப்பா. இதைச் சொல்லிச் சொல்லி அவள் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

"மணமும் இல்ல, நிறமும் இல்ல, கண்ணுக்கும் தெரியாது. ஆனா இருக்குங்கறீங்க. என் வீட்டுக்காரர் புத்தி மாதிரியா?" என்று கேட்டாள் ஒரு தையல்காரி. டப்பாக்காரியும் சேர்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே டப்பாவை மெஷினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் நகர்ந்தாள். அவள் பிடித்தால் உடும்புப்பிடி.

அந்தப் பிடி கடைசியில் சொந்த அக்காவிடமே வந்து நின்றது. அக்கா தன் வீட்டில், பாதி தரைக்கு அடியில் இருக்கும் கீழறையில் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறாள். புருஷன் போன பிறகு மகளை ஆளாக்கியது அந்த அறைதான். பக்கத்து வீடுகளிலெல்லாம் ரேடான் எக்கச்சக்கம். அக்காவின் அறையில் மட்டும் ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தபோது டப்பாக்காரிக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

அந்தச் சந்தோஷம் சாயங்காலம் வரை கூட நிற்கவில்லை. ஆய்வகத்திலிருந்து திரும்பி வந்த அக்கா வீட்டு டப்பாவின் ஒரு பக்கம் வெயிலில் வெளுத்திருந்தது. வெயில் எட்டியே பார்க்காத அறையில் அது எப்படி வெளுக்கும்? நேரே போய்க் கேட்டாள்.

"பிள்ளைங்க அடிச்சுக்கற சாமானெல்லாம் ஜன்னலுக்கு வெளியதானே வைப்பேன்? பந்து, ஊதல், உன் டப்பா எல்லாம் அங்கதான் கிடந்துச்சு. நீ வர்ற அன்னிக்கு எடுத்து உள்ள வெச்சேன்," என்றாள் அக்கா.

"அப்ப அது தெருக்காத்தை அளந்திருக்கு. மறுபடி வைக்கணும்க்கா."

"நல்லபடியா வந்ததை ஏன் கிளறற? கூட இருக்குன்னு வந்தா ஒருத்தியும் பிள்ளையை அனுப்ப மாட்டா. என் பொழப்புல மண்ணள்ளிப் போடத்தான் வந்தியா?"

டப்பாக்காரிக்கு அழுகை முட்டியது. அவளையும் வளர்த்தது அந்த அக்காதான். ஆனாலும் புது டப்பாவைச் சின்னக் கம்பிக்கூண்டில் பூட்டி, கட்டில்களுக்கு நடுவில் இருந்த தூணில் அறைந்துவிட்டே வெளியே வந்தாள். அக்கா பேச்சை நிறுத்திக்கொண்டாள். டப்பா இருக்கிறதா என்று பார்க்க இவள் போகும்போதெல்லாம் கதவைத் திறந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதற்காக இவள் போகாமல் இருக்கவில்லை.

இரண்டாவது அளவு, பக்கத்து வீடுகளையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

"தரையில துளை போட்டுக் குழாய் இறக்கி ஃபேன் வெச்சா, வாயுவை இழுத்துக் கூரைக்கு மேல விட்டுடும். சரியாக்கிடலாம்க்கா. அதுவரைக்கும் பிள்ளைங்க மேல ஹால்ல தூங்கட்டும். வேலை முடிஞ்சதும் நானே திரும்ப அளக்கறேன்," என்றாள் டப்பாக்காரி.

அக்கா காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. வரிசையாகக் கிடந்த குட்டிக் கட்டில்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் பொண்ணு இங்கதாண்டி தூங்கி வளந்தா."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுவரோரக் கட்டிலின் ஒரு முனையைத் தூக்கினாள்.

"நின்னு என்ன பாக்கற? அந்தப் பக்கம் புடி."