கால் அசைகிற மருந்து
பூச்சிமருந்துக் கடைக்காரரைக் கட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பது என் பிரசவத்தன்றுதான் தெரிந்தது.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில், முதுகில் ஊசி போட்டு வலியைக் குறைக்க வந்த மயக்க மருந்து டாக்டர், “ரெண்டு மருந்து இருக்கு. ரெண்டுமே வலியக் கொறைக்கும். ஒண்ணுல கால் கனத்துப்போகலாம், இன்னொண்ணுல கொஞ்சம் அசைக்கலாம்” என்றார்.

இலுப்பூர்க் கடை ஞாபகத்தில் என் கணவர் ஆரம்பித்தார். “எதுங்க நல்லா ஓடுது? ஒருதடவ அடிச்சா எம்புட்டு நேரம் நிக்கும்?”

அடுத்த வலி எடுத்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு, “கால் அசையுறதப் போடுங்க டாக்டர்” என்றேன்.

“நடக்கணுமாம்மா?”

“இல்லைங்க. இவர ஒரு ஒதை விடணும்.”

வலி குறைந்தது, காலும் அசைந்தது. மகள் பிறக்கும்வரை என் கணவர் தலைமாட்டை விட்டு நகரவேயில்லை. நர்ஸ் அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டார்.